செவெரினின் கொம்பும் ரோஸ்விதாவின் சுண்டுவிரலும்

எங்கள் ஊர் ஹெர்ஷ்லாக்கில் ரோஸ்விதா என்று சொன்னால் உடனே கேட்பார்கள், கறிக்கடை ரோஸ்விதாவா, கொம்பு ரோஸ்விதாவா என்று. இரண்டும் ஒரே ஆள்தான். கறிக்கடையில் அவள் வெட்டிப் போடும் துண்டுகள் எல்லாம் ஒரே கனத்தில் விழும். தராசு சும்மா ஒப்புக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே கைகள் ஊர் வாத்தியக் குழுவில் காட்டுக்கொம்பைப் பிடிக்கும். உலகம் பூராவும் அந்த வாத்தியத்தைப் பிரெஞ்சு ஹார்ன் என்கிறதாம். எங்கள் பக்கம் வந்து அப்படிச் சொல்லிப் பாருங்கள், முறைப்பார்கள். காட்டில் வேட்டைக்காரன் ஊதியது, அதனால் காட்டுக்கொம்பு. இதில் பிரெஞ்சுக்காரனுக்கு என்ன வேலை?

அவள் ஒன்றும் ஆசைப்பட்டு அதை எடுத்தவள் அல்ல. பன்னிரண்டு வயதில் மற்றப் பெண்பிள்ளைகளைப் போல அவளும் புல்லாங்குழல்தான் கேட்டாள். குழுவிடம் இருந்த புல்லாங்குழல்கள் எல்லாம் பங்கு போட்டு முடிந்துவிட்டன. அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது ஒரு கொம்பு. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து முதல்முறை ஊதியபோது அவள் அம்மா அடுப்படியை விட்டுத் தொழுவத்துக்கு ஓடினாள், பசு கன்று போடுகிறது என்று நினைத்து. இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளை விடவில்லை. பிடித்தால் உடும்புப்பிடி, அது அவள் சுபாவம்.

அன்று தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் அவள் இரண்டாம் கொம்பாகவே உட்கார்ந்திருந்தாள். முதல் கொம்பு செவெரின். கல்குவாரியில் வேலை பார்த்தவர். கை ஒவ்வொன்றும் மண்வெட்டி மாதிரி இருக்கும். கொம்பு ஊதுகிறவர்களில் பாதிப் பேர் அதன் விரிந்த வாயை வலது தொடைமேல் சாய்த்து வைத்துக்கொள்வார்கள்; மறு பாதி காலில் படாமல் தூக்கிப் பிடிப்பார்கள். இரண்டும் சரிதான், புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. செவெரின் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. யாராவது தொடைமேல் இறக்கினால், "மடியில வெச்சுக் கொஞ்சறதுக்கு அது என்ன பூனையா?" என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து எங்கள் ஊர்க் கொம்பு வரிசை முழுதும், சின்னவன் பெரியவன் என்று இல்லாமல், அந்தரத்திலேயே ஊதிக்கொண்டிருந்தது. வீம்புக்கு அளவே இல்லை.

போன வருஷத்துக்கு முந்திய இலையுதிர் காலத்தில் செவெரின் இறந்துபோனார். அடக்கத்தன்று கொம்புகள்தான் ஊதின. மறுவாரம் அவர் மனைவி அப்பொலோனியா அவருடைய கொம்பைப் பெட்டியோடு ஒத்திகை அறைக்குக் கொண்டுவந்து ரோஸ்விதாவின் நாற்காலிமேல் வைத்தாள். "நீ ஊது. அவர் இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பார்" என்றாள். ஊரில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ரோஸ்விதா அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனாள்.

கொம்பின் இடது பக்கம், வால்வுச் சாவிகளுக்குக் கீழே, சுண்டுவிரல் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பித்தளைக் கொக்கி பற்றவைத்திருக்கும். மூன்று விரல் சாவிமேல், கட்டைவிரல் பின்பக்கம், சுண்டுவிரல் கொக்கியில். தூக்கிப் பிடிக்கிறவனுக்குப் பாரம் பெரும்பாலும் அந்தச் சுண்டுவிரலில்தான் தொங்கும். செவெரினின் கொம்பில் அது எட்டத்தில் இருந்தது. ரோஸ்விதாவின் கை சின்னக் கை. விரலை விறைக்க நீட்டி, மணிக்கட்டை ஒருபக்கமாக முறுக்கினால்தான் எட்டும். நீட்டினாள், முறுக்கினாள், மாட்டிக்கொண்டாள். கொக்கியைக் கழற்றிக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. இறந்தவருடைய செருப்பை அறுத்துத் தன் காலுக்குத் தைத்துக்கொள்வது மாதிரி அல்லவா அது?

அந்தக் கொம்பை அவள் வைத்திருந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஊதி முடித்ததும் அதை இப்படியும் அப்படியும் உருட்டி உள்ளே தேங்கிய நீரை வடிப்பாள். குழாய்களை ஒவ்வொன்றாக உருவி உதறுவாள். கைபட்ட இடத்தையெல்லாம் மெல்லிய துணியால் துடைப்பாள். வியர்வை பித்தளையைத் தின்றுவிடும். வால்வுகளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய், குழாய்களுக்கு ஒரு தடவு மசகு. உதட்டில் வைக்கும் ஊதுவாயை உள்ளங்கையால் தட்டிச் செருகுகிறவனைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், அது போய் இறுகிக்கொள்ளும் என்று. வசந்தம் வந்ததும் குளியல் தொட்டியில் துண்டு விரித்து வெதுவெதுப்பான நீரில் முழுசாகக் குளிப்பாட்டுவாள். அவள் கணவன் லாம்பெர்ட் கதவுக்கு வெளியே தோளில் துண்டோடு நிற்பான். "கொம்புக்கு வெந்நீர், புருஷனுக்கு மிச்சத் தண்ணி. நல்ல குடும்பம்" என்பான். மர அறுவை ஆலையில் வேலை அவனுக்கு. வாத்தியம் எதுவும் தெரியாது. கேட்க மட்டும் தெரியும்.

முதல் குளிர்காலம் முடிவதற்குள் சுண்டுவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. பிறகு பக்கத்து விரலில் பாதி. குளிர்தான் காரணம் என்று கையுறை போட்டுக்கொண்டாள். வசந்தம் வந்தது, கையுறை போனது, மரப்பு போகவில்லை. ஒருநாள் ஒத்திகையில் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது இடது கை தானாக ஆடியது. சுரமும் கூடவே ஆடியது.

பக்கத்தில் இருந்த கஸ்பர் திரும்பிப் பார்த்தான். பால்பண்ணை வைத்திருப்பவன், இப்போது இரண்டாம் கொம்பு. "ரோஸி, உன் கொம்புக்குள்ள ஆடு ஏதாவது மாட்டிக்கிச்சா? மே மேங்குது."

"உன் தொழுவத்து வாசனைக்கு வந்திருக்கும்" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்குக் கொம்பைத் துடைக்காமலே பெட்டியில் வைத்து மூடினாள்.

ஏனென்றால் அவள் அப்பாவுக்கும் இடது கையில்தான் ஆரம்பித்தது. நடுக்குவாதம். கையில் தொடங்கி, காலுக்குப் போய், கடைசியில் முகத்தையே மரக்கட்டையாக்கிவிட்டது. அந்த மனிதரை இவர்கள் வீட்டு மாடிப் பின்னறையில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டார்கள். சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊட்டியது ரோஸ்விதா. மாடிப்படியில் தோளைக் கொடுத்து இறக்கியது லாம்பெர்ட். எட்டு வருஷம். அப்பா போனபோது ஊரே வந்து ஆறுதல் சொன்னது. அவளோ யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள் ஒன்றை முடிவு செய்திருந்தாள்: எனக்கு இது வந்தால் நான் தாங்க மாட்டேன்.

இப்போது வந்துவிட்டது என்று நம்பினாள். டாக்டரிடம் போனாளா? போகவில்லை. அவர்கள் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள், அப்புறம் அந்தப் பெயரோடு வாழ வேண்டும். பெயர் வைக்காதவரை ஒன்றுமில்லை. படித்தவர்கள் படிக்காதவர்கள் எல்லாரும் பண்ணுகிற முட்டாள்தனம்தான் இது, அவளை மட்டும் சொல்லி என்ன பயன். கடையில் கனமான தொடைக்கறியைத் தூக்கும்போது வலது கையை முன்னால் கொடுத்தாள். ஒருநாள் இடது கையிலிருந்து ஒரு முழுச் சுருள் தொத்திறைச்சி நழுவித் தரையில் விழுந்தபோது, வரிசையில் நின்றவர்களிடம், "உருட்டி விளையாடறேன், உங்களுக்கு என்ன?" என்றாள். வீட்டில் வாயே திறக்கவில்லை. லாம்பெர்ட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஆத்திரம். கட்டிய மனைவியின் கை ஆடுவது கூடத் தெரியாத ஜன்மம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு நற்கருணைத் திருநாள் ஊர்வலம் வந்தது. வீதி நெடுக பிர்ச் மரக் கொப்புகள், நின்று ஜெபிக்க நான்கு இடத்தில் பீடங்கள், குழந்தைகள் தூவும் பூக்கள், பட்டுக் குடையின் கீழே பாதிரியார், அவருக்கு முன்னால் வாத்தியக் குழு. நடந்துகொண்டே ஊதும்போது கொம்பைச் சாய்க்க எந்தத் தொடையும் கிடையாது. வெயில் வேறு. முதல் பீடத்தில் சமாளித்தாள். இரண்டாவதில் சுண்டுவிரல் இருப்பதே தெரியவில்லை. மூன்றாவது பீடம் சந்தைக் கிணற்றடியில். எல்லாரும் நின்று ஊதி முடித்து, கொம்பை இறக்க வேண்டிய நேரத்தில், இடது கை அவள் சொல்லைக் கேட்கவில்லை. கொம்பு நழுவியது. வலது கை ஊதும்போது வைக்கிறபடி கொம்பின் வாய்க்குள் இருந்ததால் தரையில் விழவில்லை. ஆனால் அதன் வாய் கிணற்றின் கல் விளிம்பில் இடித்தது. பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கும் அந்த அமைதியில் அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

நான்கடி தள்ளி அப்பொலோனியா நின்றிருந்தாள். பார்த்தாள். ரோஸ்விதாவுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

நான்காவது பீடத்தில் அவள் ஊதவே இல்லை. உதட்டில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். கஸ்பர் இரண்டு பேர் பங்கையும் சேர்த்து ஊதினான், வழக்கத்துக்கு மாறாக ஒரு கிண்டலும் பண்ணாமல். அவன் கிண்டல் பண்ணாததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்து கொம்பை அடுப்படி மேசைமேல் வைத்தாள். விளிம்பில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு நசுங்கல். லாம்பெர்ட் எதிரே உட்கார்ந்தான்.

"நான் இனிமே ஊதப்போறதில்ல" என்றாள்.

"நசுங்கினத தட்டி எடுத்துடலாம். லின்ஸ் டவுன்ல வாத்தியப் பட்டற இருக்கே."

"கொம்ப தட்டி எடுக்கலாம். கைய?"

அவன் கொம்பின் நசுங்கலை விரலால் தடவினான். "லின்ஸ்ல ஒரு நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்கேன். வர்ற வியாழக்கிழம."

"எப்ப வாங்கின?"

"வாங்கினேன்."

"நான் வரமாட்டேன்."

"டாக்டருக்காக வர வேணாம். பட்டறைக்குப் போவோம். வழியிலதான் அந்தம்மா இருக்கா. நீ ஏறி இறங்கினா ஆச்சு."

அவள் சண்டை போட்டாள். நன்றாகவே போட்டாள், பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்கு. நீ யார் என் உடம்புக்கு நேரம் வாங்க என்றாள். வியாழக்கிழமை காலையில் அவன் வண்டியை வாசலில் நிறுத்திக் கொம்புப் பெட்டியைப் பின்சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டான். அதைப் பார்த்தபிறகு வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

டாக்டர் இளம் வயதுக்காரி, பெயர் தெக்லா ஹோர்னர். விரல்களைத் தட்டச் சொன்னாள், நேராக நடக்கச் சொன்னாள், மூக்கைத் தொடச் சொன்னாள். அப்பாவைப் பற்றிக் கேட்டாள். ரோஸ்விதா எல்லாவற்றையும் ஒப்பித்தாள், தீர்ப்புக்குக் காத்திருக்கிற குற்றவாளியைப் போல.

"இந்தக் கைய வெச்சு நீங்க என்னென்ன வேல செய்வீங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"கறிக்கடை. வெட்டறது, தூக்கறது, கட்டறது."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல டாக்டர்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த லாம்பெர்ட் செருமினான். "கொம்பு ஊதுவா."

"அது வேல இல்ல" என்றாள் ரோஸ்விதா.

"வாரத்துக்கு எத்தன மணி நேரம்?" என்று டாக்டர் லாம்பெர்ட்டைக் கேட்டாள். புத்திசாலி, யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

"எனக்குத் தெரிஞ்சு, தூங்காத நேரமெல்லாம்."

"கொம்பு இப்ப எங்க இருக்கு?"

வண்டியில்தான் இருந்தது. லாம்பெர்ட் இறங்கிப் போய்க் கொண்டுவந்தான். ஒரு நரம்பு டாக்டர் அறையில், எலும்புக்கூட்டுப் படத்துக்குக் கீழே, நசுங்கிய கொம்பை வைத்துக்கொண்டு உட்கார ரோஸ்விதாவுக்கு வெட்கமாக இருந்தது. ஒத்திகையில் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடியுங்கள், ஊத வேண்டாம் என்றாள் டாக்டர். ரோஸ்விதா விரலை நீட்டினாள், மணிக்கட்டை முறுக்கினாள், கொக்கியில் மாட்டினாள், காலில் படாமல் தூக்கினாள். டாக்டர் வேறு ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள், ஹெர்ஷ்லாக்கில் பனி எப்போது உருகும், கறிக்கடையில் எது நன்றாக இருக்கும் என்று. கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரல் வெளுத்தது. அப்புறம் கை ஆட ஆரம்பித்தது.

"இதுதான்" என்றாள் ரோஸ்விதா. "இப்படித்தான் அப்பாவுக்கும்."

"கொம்ப அவர்கிட்ட குடுங்க. கைய மடியில வெச்சுக்கோங்க. சும்மா வெச்சுக்கோங்க, ஒண்ணும் செய்யாதீங்க."

வைத்தாள். மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். லேசாக இரண்டு தரம் துள்ளியது, நின்றுவிட்டது. அப்புறம் அசையவே இல்லை.

"உங்கப்பாவுக்கு எப்ப ஆடும்? சும்மா இருக்கும்போதா, எதையாவது தூக்கும்போதா?"

எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் ரோஸ்விதா. போர்வைமேல் சும்மா கிடக்கும்போதுதான் அப்பாவின் கை ஆடும், மாத்திரை உருட்டுகிற மாதிரி. தண்ணீர்க் கோப்பையை எடுக்க நீட்டினால் அடங்கும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இத்தனை மாதத்தில் அதை ஒருதரம் கூட நினைத்துப் பார்க்கவில்லை, பயம் அவளை நினைக்க விடவில்லை.

"சும்மா இருக்கும்போது" என்றாள்.

"உங்களுக்கு இது சும்மா இருக்கும்போது வர்றதில்ல. பாரம் தூக்கினா மட்டும் வருது." டாக்டர் அவள் முழங்கைக்குப் பின்னால் ஓரிடத்தை மெல்லத் தட்டினாள். சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர் என்றது. "இங்கருந்து மணிக்கட்டு வழியா சுண்டுவிரலுக்குப் போற நரம்பு. கைய முறுக்கி, விரல்ல பாரத்தத் தொங்கவிட்டு, நீங்களே அத நசுக்கிட்டிருக்கீங்க. கரண்ட் வெச்சும் ஒரு தரம் பாத்துடலாம். ஆனா இது உங்கப்பாவோட வியாதி இல்லீங்க."

கரண்ட் வைத்துப் பார்த்ததும் அதையேதான் சொன்னது. கோடை முடியும்வரை கொம்பைத் தொடக் கூடாது, கைக்கு ஒரு பட்டி, அப்புறம் பிடிக்கிற விதத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் என்றாள் டாக்டர். ரோஸ்விதா நன்றி சொன்னாள், கை கொடுத்தாள், வெளியே வந்தாள், படியில் பாதி இறங்கினாள். அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். சின்ன அழுகை இல்லை. மேலே ஏறிப் போனவர்கள் எல்லாம் பாவம், ஏதோ கெட்ட செய்தி என்று லாம்பெர்ட்டைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவன் கொம்புப் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி, "நல்லதுதாங்க, நல்லதுக்குத்தான் அழறா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பட்டறைக்காரர் நசுங்கலைத் தடவிப் பார்த்து, இது அரைநாள் வேலை என்றார். கொக்கியையும் காட்டினார்கள். கழற்றி இடம் மாற்றலாம், ஆனால் சூடு வைத்தால் பூச்சு கொஞ்சம் கருகும், கொம்பு யாருடையது என்று கேட்டார். ரோஸ்விதாவின் முகம் சுண்டிப்போனது. தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அப்பொலோனியா, நான் ரோஸ்விதா பேசறேன். கொம்பு சரியாயிடும்."

"பித்தள தான, சரியாகாம என்ன. உன் கைக்கு என்ன? அத சொல்லு மொதல்ல."

சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த விரல் கொக்கிய கொஞ்சம் தள்ளி வெக்கணும்கறாங்க. அவர் கைக்குன்னு வெச்சது. உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா அப்படியே விட்டுடறேன்" என்றாள்.

"அவர் கைக்கு வெச்சதா? யார் சொன்னா?"

"ஊர்ல எல்லாருமே…"

"ஊருக்கு என்ன தெரியும். அவர் அத பழசா வாங்கினார், பாசாவ்ல ஒருத்தர்கிட்ட. கொக்கி அந்த மனுஷனோடது. இவர் கை அதுக்குள்ள அடங்காது. விரல மடக்கித் திணிச்சுக்குவார். ஒத்திகை முடிஞ்சு வந்தா கைய வெந்நீர்ல போட்டுக்கிட்டுத்தான் சாப்பிடவே உக்காருவார்."

"அப்ப ஏன் மாத்தல?"

"அந்தப் பாசாவ்காரர் பெரிய வித்துவானாம். அவர் வெச்சத நாம தொடக்கூடாதாம்." அப்பொலோனியா குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காத. வீட்ல, கதவ சாத்திக்கிட்டு, கால் மேல வெச்சுத்தான் ஊதுவார். யார்கிட்டயும் சொல்லாதன்னார். இருந்தவரைக்கும் சொல்லல."

சிரிக்காதே என்றால் யாரால் முடியும்? ரோஸ்விதா வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழுது வீங்கிய முகத்தோடு சிரிக்கிறவளைப் பார்த்துப் பட்டறைக்காரர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொம்பைப் பிடிக்கச் சொன்னார், தொடைமேல் வைத்து, கை எங்கே போக விரும்புகிறதோ அங்கே. சுண்டுவிரல் இயல்பாக விழுந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பழைய இடத்திலிருந்து அது ஒரு கட்டைவிரல் அகலம்தான் தள்ளி இருந்தது.

கோடை முழுக்கக் கொம்பு பெட்டிக்குள் இருந்தது. மாதம் ஒருதரம் திறந்து வால்வுக்கு எண்ணெய் மட்டும் விட்டாள், ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. முதலில் பக்கத்து விரலில் உணர்வு வந்தது. அப்புறம் ஒரு காலையில் கடையில் உறைந்த கொழுப்பைத் தொட்டவள், "ஐயோ, சில்லுன்னு இருக்கு" என்று கத்தினாள். வாங்க வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இவள் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இலையுதிர் காலத்தின் முதல் ஒத்திகையில் அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து, கொம்பின் வாயைப் பகிரங்கமாக வலது தொடைமேல் இறக்கி வைத்தாள். கஸ்பர் அவளைப் பார்த்தான், அவள் தொடையைப் பார்த்தான், தன் கொம்பைப் பார்த்தான்.

"இனிமே இப்படித்தானா?"

"இப்படித்தான். டாக்டர் உத்தரவு."

கஸ்பர் மெல்லத் தன் கொம்பையும் தொடைமேல் இறக்கினான். அவனிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. "நீ தூக்கிப் பிடிக்கிற, நான் இறக்கினா மானம் போயிடும்னு மூணு வருஷமா தோள்பட்டைக்கு குதிரைத் தைலம் தேச்சுக்கிட்டிருக்கேன். என் பொண்டாட்டி என்னைக் குதிரைன்னு கூப்பிடறா, அந்த நாத்தத்துக்கு." அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த இருவரும் தங்களுடையதை இறக்கினார்கள். குழுவை நடத்தும் எங்கெல்பெர்ட் கோலைத் தூக்கியவர் இதைப் பார்த்துவிட்டு, எல்லாரும் உட்கார்ந்து முடிந்ததா என்று மட்டும் கேட்டார். அன்றைக்குக் கொம்பு வரிசை நன்றாகவே ஊதியது. செவெரின் கேட்டிருந்தால் முறைத்திருப்பார், அப்புறம் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்.

அந்த வாரம் சனிக்கிழமை காலையில் கொம்பு துடைக்கத் துணி தேடி அவள் நிலவறைக்குப் போனாள். லாம்பெர்ட்டின் மர வேலை மேசை அங்கேதான். நல்ல மெல்லிய துணியை அவன் எப்போதும் ஒளித்து வைப்பான். மேசைக்குப் பின்னால், சுவரோடு சாய்த்து, பழைய சாக்கு போர்த்தி ஏதோ நீளமாக இருந்தது. சாக்கை விலக்கினாள்.

கைப்பிடிகள். வெளிர்நிறக் கெட்டி மரத்தில் இழைத்து, மெருகு போட்டு, மூலைகள் எல்லாம் உருட்டிய கைப்பிடிகள். மாடிப்படிக்கு நீளமாக ஒன்று. குளியலறைக்குக் குட்டையாக இரண்டு. சுவரில் பொருத்தும் இரும்புத் தாங்கிகள் கூட ஒரு டப்பாவில் தயாராக இருந்தன. குட்டையான ஒன்றை எடுத்து இடது கையால் பிடித்துப் பார்த்தாள். கன கச்சிதமாக இருந்தது. லாம்பெர்ட்டின் பெரிய கைக்கு அது மெலிசு, அவள் கைக்குத்தான் அளவெடுத்த மாதிரி இருந்தது.

படியில் காலடி கேட்டது. லாம்பெர்ட் பாதிப் படியில் நின்றுவிட்டான்.

"எப்ப செஞ்ச இத?" என்றாள்.

"குளிர்காலத்துல."

"டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியேவா?"

"அதுக்கும் ரொம்ப முன்னாடி. நீ கோட்டு பட்டன ஒத்தக் கையால போட ஆரம்பிச்சப்ப."

அப்போது அவள் அதைத் தனக்கே ஒப்புக்கொண்டிருக்கவில்லை, குளிர் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே அவள் வாயைக் கட்டிக்கொண்டு பயந்தபோதெல்லாம் இவன் இங்கே கீழே உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"எதுவும் கேக்கலியேடா நீ."

"நீ சொல்லலியே. நீயா சொல்றப்ப தயாரா இருக்கணும்ல." அவன் இறங்கி வந்து சாக்கை எடுத்து மடித்தான். "உங்கப்பாவ இறக்கறப்ப பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாம என்ன பாடு பட்டோம். அதான். வேண்டாம்னா அறுத்து அடுப்புல போட்டுடலாம்."

அவள் அந்தக் கைப்பிடியை விடவில்லை. நடுங்காத கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அடுப்புல போடற அளவுக்கு உனக்கு என்ன கொழுப்பு" என்றாள். "போய் துளை போடற மெஷின எடு. நான் கொம்பு குளிப்பாட்டி முடிச்சதும் அந்தத் தொட்டியில ஏறி இறங்க உன் முழங்கால் படற பாட்ட நான் பாக்காமலா இருக்கேன்?"

மத்தியானத்துக்குள் மூன்றையும் மாட்டிவிட்டார்கள். அவன் துளை போட்டான், அவள் பிடித்துக்கொண்டாள்.